நீலாவதி கைகாட்டிய மரம்

ரயிலைப் பற்றிப் பேச வந்தவர்கள் சுடுகாட்டில் கொண்டுபோய் முடிப்பார்கள் என்று அன்பரசி எதிர்பார்க்கவில்லை.

மலைமேல் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகள், பாயில் தோட்டத்து ஜனம். மலாய் எல்லோருக்கும் புரியும்தான். ஆனாலும் அவரவர் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் அன்பரசியை நாள் கூலிக்கு மொழிபெயர்ப்பாளராக எடுத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். சுற்றுச்சூழல் படிப்பு. படித்து முடித்து இரண்டு வருடமாகியும் நிலையான வேலை இல்லை.

அதிகாரி படம் போட்டுக் காட்டினார். நாட்டின் பணம் இனி சாலையை விட ரயிலுக்கு அதிகம் போகும். ரயில் மின்சாரத்தில் ஓடும். அந்த மின்சாரம் புகையில்லாமல் வர வேண்டும். வெயிலும் மலைத் தண்ணீரும்தான் அதற்கு வழி. ஆகவே இந்தத் தோட்டத்து ஓடையில் ஒரு சின்னத் தடுப்பு கட்டி, குழாயில் தண்ணீரை இறக்கி, கீழே மின்சாரம் எடுக்கப் போகிறார்கள்.

அன்பரசி இதை நம்பித்தான் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் ஏறக்குறைய இதுதான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மலையடிவாரத்துத் தாப்பா ரோட் வரை மின்சார ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பாள். சத்தமில்லாமல், புகையில்லாமல் ஓடுகிற அந்த வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, உலகம் நல்ல திசையில்தான் போகிறது என்று தோன்றும்.

"ரயிலு மேல ஏறி வருமா?" என்று கேட்டாள் வேலாயி. அன்பரசியின் அம்மாவுடன் கொழுந்து மெஷின் பிடிப்பவள் அவள்.

அன்பரசி கேட்டுச் சொன்னாள். "வராதுக்கா. மலைக்கு ரயில் கெடையாதாம்."

"அப்ப நம்ம தண்ணி மட்டும் எறங்கிப் போவணும், ரயிலு ஏறி வராது. நல்லா இருக்குலா கணக்கு!"

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், மழைக்கு மண் சரிந்து ரோடு அடைபடுகிறதே, முதலில் அதற்குக் காசு கிடையாதா என்றார். இன்னொருவர், பெர்த்தாமில் அணையைத் திறந்துவிட்டுச் சேறு வந்ததே, அந்த மாதிரி ஆகாதா என்றார். அதிகாரி பொறுமையாகப் பதில் சொன்னார். இது அணை இல்லை, இடுப்பளவுச் சுவர். சரக்கு ரயிலில் போய் லோரிகள் குறைந்தால் ரோடும் தாங்கும். அன்பரசி ஒவ்வொன்றையும் தமிழாக்கினாள். கடைசிப் பக்கம் வந்தது.

"குழாய் போற வழியில பழைய சுடுகாட்டோட கீழ்ப்பாதி வருது. அங்க புதைச்சிருக்கிறவங்களோட குடும்பம் வெள்ளிக்கிழமைக்குள்ள குழியை அடையாளம் காட்டணும். காட்டினா, பூசாரி வச்சு, கையாலே தோண்டி, மேல புது எடத்துல தனித்தனியா வைப்பாங்க. யாரும் காட்டாத குழிங்கள..."

இங்கே அவள் தடுமாறினாள். மலாயில் அது சாதாரண வார்த்தையாகத்தான் இருந்தது.

"...மெஷின்ல எடுத்து, மொத்தமா ஒரே குழியில போட்ருவாங்க."

பாயிலிருந்து அன்பரசியின் அம்மா நீலாவதி எழுந்தாள். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, கூட்டத்தில் வாய் திறக்காதவள். அதிகாரிகளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"என் பையன் அங்க இருக்கான்னு சொல்லும்மா."

தனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்தது அன்பரசிக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இருந்ததில்லை. படம் இல்லை, பெயர் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. மைக்கைப் பிடித்தபடி அவள் மலாயில், "என் அண்ணன் அங்கே இருக்கிறார்" என்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒரு கணம் குழம்பினார்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தக் குழி இருக்கும் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. புருஷன் போனாலும் வாசலோடு சரி. பச்சைக் குழந்தை என்றால் இன்னும் கடுமை. இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். இடத்தைத் தாயிடம் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அவள் போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள்.

நீலாவதி விடவில்லை. பால் கட்டிய மார்போடு, சோறு தண்ணி இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவள் புருஷன் தங்கராஜு, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி இடத்தைக் காட்டினான். பதினொன்றாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு சாக்கடை. சாக்கடைக்கு அப்பால் சுடுகாடு. அங்கே, கவாத்து வெட்ட யாரும் தாண்டிப் போகாததால், ஒரு தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நின்றது. அந்த மரத்தடி.

தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். வெள்ளைப் பூ பூக்கும். நீலாவதி கொழுந்து எடுக்கும் செடி வரிசையில், அவள் நிரையில், நின்று பார்த்தால் அது நன்றாகத் தெரியும். அந்தக் காட்டில் கொழுந்து எடுக்கிற நாளில் முதல் பிடியை அந்தப் பக்கமாகத் தூவிவிட்டுத்தான் கூடையில் போடுவாள். கங்காணி பார்த்தும் பாராமல் போவார். பிறகு கூடை போய் மெஷின் வந்தது. இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துச் செடியின் தலைமேல் நகர்த்திப் போக வேண்டும். அதில் பிடி ஏது? நீலாவதி ஒரு கையை மட்டும் எடுத்து அந்தப் பக்கம் நீட்டி, திரும்பப் பிடித்துக்கொள்வாள். மெஷின் சாயும்.

"ஏய், மெஷின விட்டுட்டு யாருக்கு டாட்டா காட்டுற? என் கால வெட்டிறாத!" என்று வேலாயி கத்துவாள்.

தங்கராஜு கொரோனா காலத்தில் இறந்தான். அவனைத் தகனம் செய்ய மலைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். மரம் மட்டும் நின்றது.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் நீலாவதி மகளை அழைத்துக்கொண்டு பதினொன்றாம் காட்டுக்குப் போனாள். வேலையிடத்து சூப்பர்வைசர் தினேஸ்வரன் மஞ்சள் முளைக்குச்சிகளோடு காத்திருந்தான். ஈப்போ பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். நீலாவதி சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா, காட்டுங்க."

"நான் வரக்கூடாது தம்பி. அந்த மரம் தெரியுதா? அதோட அடியில. இந்தப் பக்கமா இருக்கும்."

"இந்தப் பக்கம்னா?"

"என்னப் பாத்த பக்கம்."

தினேஸ்வரன் குச்சியை ஊன்றினான். "குழி தோண்டினவங்க யாராவது உயிரோட இருக்காங்களா? ஒரு ஆள் வந்து ஆமான்னு சொன்னா போதும். வெள்ளிக்கெழம காலையிலே தோண்டிறலாம்."

இருந்தார். சின்னையா. தங்கராஜுவோடு அன்று போன இன்னொரு ஆள். கம்போங் ராஜாவில் மகனோடு இருந்துகொண்டு ரோட்டோரம் கோஸும் தக்காளியும் விற்கிறார். அன்று மத்தியானமே அம்மாவும் மகளும் வேன் பிடித்துப் போனார்கள்.

சின்னையா அவர்களை முக்காலி போட்டு உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் தக்காளியைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த தக்காளி.

"ஆமா தங்கச்சி. மரத்தடிதான். தங்கராஜு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீங்களும்தானே போனீங்க அண்ணே?"

"போனேன், போனேன். மரத்தடிதான். வெள்ளிக்கெழம வந்து சொல்றேன்."

அம்மா கைகழுவப் பின்பக்கம் போனாள். சின்னையா அன்பரசியைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்து, அதில் கோஸை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். தலையைத் தூக்கவில்லை.

"படிச்ச புள்ள. உன்கிட்ட சொல்லலாம். அந்த மரத்தடியில ஒண்ணுமில்லம்மா."

"என்ன சொல்றீங்க?"

"அன்னிக்கு மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. சுடுகாட்டு வழி சரிஞ்சு கெடக்கு. கால வச்சா முழங்கால் வரைக்கும் எறங்குது. உங்கப்பன் புள்ளைய துண்டுல சுத்தி, சட்டைக்குள்ள வச்சுப் பட்டன் போட்ருந்தான். நனையக் கூடாதாம். எவ்வளவு நேரம் நிக்கிறது? ஓடை வளைவுக்குக் கீழ ஒரு சப்பக் கல்லு இருக்கும் பாரு, அதும் பக்கத்துல மண்ணு கெட்டியா இருந்துச்சு. அங்க வச்சுட்டோம்."

"அப்ப அம்மாகிட்ட ஏன்..."

"ஓடக்கரையில நாதியத்தவனாட்டம் புதைச்சேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லுவானா? அவ நெரையில நின்னு பாத்தா தெரியிற எடமா தேடினான். மரத்தக் காட்டிட்டான்." பை நிறைந்துவிட்டது. அவர் இன்னும் ஒரு கோஸை மேலே வைத்தார். அது உருண்டு ரோட்டில் விழுந்தது. "உங்கம்மாகிட்ட சொல்லாத. நிம்மதியா இருக்கட்டும்."

ஓடை வளைவுக்குக் கீழேதான் தடுப்புச் சுவர் வரப்போகிறது. படத்தில் அந்த இடத்தில் நீலப் புள்ளி வைத்திருந்தார்கள். அது சுடுகாட்டு எல்லைக்குள் வராது. குச்சியும் கிடையாது, பூசாரியும் கிடையாது. மண் தோண்டும் பெரிய மெஷின் ஏற்கெனவே மேட்டில் வந்து நின்றிருந்தது.

வேனில் வரும்போது கோஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அன்பரசி உட்கார்ந்திருந்தாள். அம்மா சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். மழை தூறியது. அதற்குப் பிறகு அன்பரசியின் காதில் ஓடைச் சத்தம் விடவே இல்லை. அவர்களுடைய லயத்து வீட்டிலிருந்து ஓடை கேட்காது. ஆனாலும் கேட்டது. குழாயைத் திறந்தால் அதில் கேட்டது. அரிசி களையும்போது கேட்டது. ஒருமுறை, எதையோ சட்டைக்குள் வைத்துப் பட்டன் போட்டிருப்பதைப் போல் நெஞ்சு சூடாக இருக்கிறதென்று கையை வைத்துப் பார்த்தாள்.

சொல்லாவிட்டால் அம்மா மரத்தடி மண்ணை ஒரு சட்டியில் எடுத்துப் புது இடத்தில் வைப்பாள், பால் ஊற்றுவாள், அமைதியாவாள். அண்ணன் தண்ணீருக்கடியில் போவான். சொன்னால் அந்த மரமும் போய்விடும். சொல்லாமல் இருக்க ஆயிரம் காரணம் கிடைத்தது. எல்லாமே அம்மாவுக்காகத்தான் என்று பட்டது. பிறகு அதில் ஒரு காரணம் மட்டும் முகத்தை மூடிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தடுப்புச் சுவர் அங்கே வர வேண்டும் என்று அவளும்தான் விரும்பினாள். புகையில்லாத ரயில் ஓட வேண்டும் என்று விரும்பினாள். அது வேறு யாருடைய பிள்ளையின் மேலாவது கட்டப்பட்டிருந்தால், மண்டபத்தில் தடுமாறாமல் மொழிபெயர்த்திருப்பாளா? அப்படித்தான் செய்திருப்பாள் என்று தோன்றியதும் அவளுக்குத் தன்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நீலாவதி வேலைவிட்டு பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குப் போய் வந்தாள். புது மண்சட்டி, பால், ஒரு வெள்ளைத் துண்டு. பாயில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு குழந்தைச் சட்டை இருந்தது. அதில் தொங்கிய விலை அட்டையைக் கத்தரித்து எடுத்தாள்.

"எந்த சைசு வாங்கறதுன்னு தெரியல. கடைக்காரி எத்தன மாசம்னு கேட்டா. ஒண்ணும் சொல்லாம சின்னதா குடும்மான்னேன்."

அன்பரசியால் அதற்கு மேல் முடியவில்லை. சின்னையா சொன்னதை அப்படியே சொன்னாள். மழை, துண்டு, பட்டன், எதையும் விடவில்லை.

நீலாவதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கல்லு?"

"வளைவுக்குக் கீழ. சப்பையா இருக்குமாம்."

"நான் குந்தி டீ குடிக்கிற கல்லா?"

அன்பரசிக்கு அது தெரியாது. அம்மா எங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறாள் என்று அவள் கேட்டதே இல்லை.

"அதான்டி. அங்க வேற கல்லு இல்ல." நீலாவதியின் குரல் மெதுவாக இருந்தது. "மத்தியானத்துக்கு அங்கதான் எல்லாரும் எறங்குவோம். நான் கல்லுல உக்காந்து கால தண்ணியில விட்டுக்குவேன். உங்கப்பாவும் அந்தக் காட்டுல வேல இருந்தா வருவாரு. ஆனா உக்கார மாட்டாரு. ஒரு நா கூட. நின்னுக்கிட்டே சாப்புடுவாரு. ‘என்னா, தொரையா நீங்க, கல்லுல உக்காந்தா கால்சட்ட அழுக்காயிருமா’ன்னு நான் கேலி பண்ணுவேன். வேலாயி விழுந்து விழுந்து சிரிப்பா."

அவள் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அழுகை என்று அன்பரசி நினைத்தாள். இல்லை, கோபம்.

"மனுசனா அவன்? பக்கத்துல உக்காந்திருக்கேன். கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அங்க பாரு அங்க பாருன்னு மரத்துக்குக் கையக் காட்ட வச்சிட்டானே. புள்ள கல்லுப் பக்கத்துலருந்து என் முதுகப் பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கான்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் தினேஸ்வரனிடம் போய் மரத்தடிக் குச்சியைப் பிடுங்கிவிடச் சொன்னாள்.

"அங்க யாருமில்ல தம்பி. ஓடைக்கு வாங்க."

அவன் விஷயத்தைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அக்கா, அது சுடுகாட்டு எல்லைக்கு வெளிய. நோட்டீசுல இல்ல. நான் மேல சொன்னா ஆபிஸ்ல பேசி, அவங்க இன்னொரு ஆபிஸ்ல பேசி... அதுக்குள்ள மெஷின் எறங்கிடும். மத்தியானம் வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரல. என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

சின்னையாவை அவர் மகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். நீலாவதியைப் பார்த்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. மண்வெட்டியை நீட்டினாள்.

"எடத்தக் காட்டுங்க அண்ணே."

அவர் கல்லுக்கு வலப்பக்கம் காட்டினார். அவரும் அன்பரசியும் மாறி மாறித் தோண்டினார்கள். கறுப்பு மண், அதற்குக் கீழ் மஞ்சள் மண், அதற்குக் கீழ் தண்ணீர் ஊறியது. ஒன்றும் இல்லை. அவர் கல்லைச் சுற்றி வந்து இடப்பக்கம் காட்டினார். அங்கும் வேர்தான். பிறகு, வெள்ளத்தில் கல்லே கொஞ்சம் இறங்கி வந்திருக்குமோ என்றார். மேலே ஓரிடத்தில் நின்றார். இங்கே இல்லை, அங்கே என்றார். கடைசியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விம்ம ஆரம்பித்தார்.

"தெரியலியே தங்கச்சி. இருட்டு, மழ. இங்கதான் எங்கயோ."

நீலாவதி தோண்டிய ஒவ்வொரு குழியிலும் இறங்கி, விரலால் மண்ணை உதிர்த்து உதிர்த்துப் பார்த்தாள். வேலாயி வேலைக்குப் போகாமல் பால் செம்பைப் பிடித்தபடி கரையில் நின்றாள். அன்று அவள் ஒரு கேலியும் பேசவில்லை.

மத்தியானம் தினேஸ்வரன் வந்தான். குழிகளைப் பார்த்தான். அன்பரசியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"இந்த மண்ணுல சின்னக் கொழந்தன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காது சிஸ்டர். எலும்பு கூட கரைஞ்சு போயிருக்கும்."

தாழ்ந்த குரல்தான், ஆனால் நீலாவதிக்குக் கேட்டுவிட்டது.

"கரைஞ்சு போயிருந்தா எங்க தம்பி போயிருப்பான்?"

அவன் படித்தவள் சொல்லட்டும் என்பதுபோல் அன்பரசியைப் பார்த்தான். மண்ணின் அமிலப் புளிப்பு எலும்பை என்ன செய்யும் என்று அவள் படித்திருந்தாள். தேர்வில் எழுதியிருந்தாள்.

"மண்ணோட மண்ணா இருப்பான்ம்மா," என்றாள். "இங்கயேதான்."

மேட்டில் மெஷின் இருமிக்கொண்டு கிளம்பியது. நீலாவதி புது மண்சட்டியைக் குனிந்து எடுத்தாள். ஒரு பிடி மண் எடுத்து அதில் வைப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள், சட்டியில் வைக்கவில்லை. எந்தப் பிடி அவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஏற்கெனவே ஒருமுறை யாரோ காட்டிய இடத்தை நம்பியாகிவிட்டது. சட்டியைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள்.

"அக்கா, மெஷின் வருது! கீழ தள்ளிப் போங்க!" என்று தினேஸ்வரன் கத்தினான்.

தள்ளித்தான் போனாள். கல்லுக்குக் கீழே, ஓடை ஒடுங்கிப் பாயும் இடத்தில், இரண்டு கரைக்கும் நடுவே நின்றாள். குனிந்து, இரண்டு கையையும் விரித்துத் தண்ணீருக்குள் வைத்தாள்.

மெஷின் இறங்கி வந்து, கல்லுக்குப் பக்கத்தில் முதல் வாய் மண்ணைக் கடித்தது. சற்று நேரத்தில் தண்ணீர் நிறம் மாறியது. தெளிவாக இருந்த ஓடை பழுப்பேறி, பால் கலந்த தேநீரைப் போலாகி, அவள் மணிக்கட்டைச் சுற்றிச் சுழித்துக் கீழே ஓடியது.

"அம்மா, வாம்மா. சளி புடிச்சிரும். என்னம்மா பண்ற?"

"கீழ போறான்ல," என்றாள் நீலாவதி. தலையைத் தூக்கவில்லை. "போவட்டும். என் கையத் தொட்டுட்டுப் போவட்டும்."

மெஷின் இன்னொரு வாய் அள்ளியது. வேலாயி செம்புப் பாலை ஓடையில் ஊற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அன்பரசி செருப்பைக் கழற்றினாள். தண்ணீரின் குளிர் காலை வெட்டியது. அம்மாவின் பக்கத்தில் நின்று, குனிந்து, தானும் கையை விரித்தாள். கலங்கலில் அவளுக்கு அவள் விரல்களே தெரியவில்லை. சிறு கல், இலை, நூல் போன்ற வேர் என்று ஒவ்வொன்றும் வந்து மோதி விலகிப் போயின. பிறகு வழுவழுப்பாக, சில்லென்று, மிகச் சின்னதாக ஏதோ அவள் உள்ளங்கைக்குள் வந்து ஒரு நொடி தங்கியது.

அவள் விரலை மூடவில்லை. என்னவென்று பார்க்கவும் இல்லை.